தினமும் காலையில் உங்கள் வீட்டுக்கு வருபவர்

கேள்வி: புதுச்சேரியிலிருந்து ரீயூனியன் தீவுக்கு வந்து நான்கு வருஷம் ஆகிறது. சேந்த்-ஆந்த்ரேயில் குடியிருக்கிறோம். மகளுக்குப் பதினான்கு வயது. கொலேஜில், அதாவது இங்கத்து நடுநிலைப் பள்ளியில், கடைசி வருஷம், த்ருவாசியேம் படிக்கிறாள். டிசம்பர் இரண்டாவது வாரம் ஐந்து நாள் ஸ்தாஜ், அதாவது ஒரு வேலை இடத்தைப் பார்த்து வர, போயாக வேண்டுமாம். நர்ஸ் ஆக வேண்டும் என்று ஆசை, அதனால் ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன் என்கிறாள். பதினோரு இடத்துக்கு மெயில் அனுப்பினாள். ஒருவரும் பதில் போடவில்லை. அவளுடைய பெரியப்பா இங்கே இரும்புச் சாமான், பெயின்ட், குழாய் விற்கும் கடை வைத்திருக்கிறார். "நம்ம கடை இருக்கும்போது முன்பின் தெரியாத இடத்துக்குப் பெண்ணை எதற்கு அனுப்ப வேண்டும்?" என்கிறார் வீட்டுக்காரர். மகள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குப் பிரெஞ்சு அவ்வளவாக வராது. காலையில் மாமியாருக்கு இன்சுலின் போட நர்ஸ் வருவதற்குள் சமையலை முடித்துப் பிள்ளைகளை அனுப்பவே நேரம் சரியாக இருக்கிறது. இந்த ஊரில் நமக்கு யாரைத் தெரியும்? அவள் அனுப்பிய மெயிலையும் இத்துடன் வைத்திருக்கிறேன். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "இந்த ஊரில் நமக்கு யாரைத் தெரியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முந்தின வரியிலேயே பதிலையும் எழுதியிருக்கிறீர்கள். தினமும் காலையில் ஒரு நர்ஸ் உங்கள் வீட்டுக்கு வருகிறார். உங்கள் மகள் என்ன ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிறாளோ, அந்த வேலையைச் செய்கிறவர். பதினோரு மெயில் அனுப்பிய பிள்ளை, வாசலைத் தாண்டி உள்ளே வந்து போகிறவரிடம் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

வீடு வீடாகப் போகிற இந்த நர்ஸ்கள் ஆஸ்பத்திரி ஊழியர்கள் அல்ல, சொந்தமாகத் தொழில் செய்கிறவர்கள். காலை பத்து மணிக்குள் எத்தனையோ படுக்கையறைகளைப் பார்த்துவிடுவார்கள். எடுத்த ரத்தத்தை லேபில் கொடுக்கிறவர்களும் அவர்களே, மருந்துச் சீட்டில் சந்தேகம் வந்தால் ஃபார்மசிக்குப் போன் போடுகிறவர்களும் அவர்களே. எந்த டாக்டர் பிள்ளைகளிடம் பொறுமையாகப் பேசுவார், எந்த முதியோர் இல்லத்தில் கொலேஜ் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வார்கள் என்றெல்லாம் அவருக்குத் தெரியும். அவரோடு காரில் கூடவே போகலாமா என்று மட்டும் முதலில் கேட்க வேண்டாம். அவர் போவது பிறத்தியார் வீட்டுப் படுக்கையறைக்கு. நோயாளி ஒவ்வொருவரும் சம்மதிக்க வேண்டும், அது எளிதில் நடக்காது. "இந்தப் பக்கத்தில் என்னை ஐந்து நாள் பார்க்க விடுகிற இடம் எது, மதாம்?" என்று கேட்டால் போதும். ஊசி போட்டுவிட்டுக் கை துடைக்கிற அந்த இரண்டு நிமிஷம் இதற்குத் தாராளம்.

ஆனால் கேட்க வேண்டியது மகள், நீங்கள் இல்லை. உங்களுக்குப் பிரெஞ்சு வராததால் இதைச் சொல்லவில்லை. வந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். பதினெட்டு வருஷமாகக் கிழக்குப் பக்கத்துக் கொலேஜ்களில் மாணவர் வழிகாட்டியாக இருக்கிறேன். அம்மாவோ அப்பாவோ பேசி வாங்கிக் கொடுத்த இடத்துக்குப் போன பிள்ளை முதல் நாள் ஓரமாக நின்றுவிடும். தானே கேட்டு வாங்கிய பிள்ளைக்கு அந்த இடத்தில் ஒரு உரிமை வந்துவிடுகிறது. இந்த ஐந்து நாளில் நான் மிகவும் மதிப்பது வேலையைப் பார்ப்பதைக்கூட அல்ல. தன் சொந்த வாயால் ஒரு பெரியவரிடம் போய் ஒன்றைக் கேட்பதைத்தான்.

மற்ற பெற்றோர்களும் படிப்பார்கள் என்பதால் ஸ்தாஜ் என்றால் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் த்ருவாசியேம் படிக்கும் எல்லாப் பிள்ளைகளும் 2005 முதல் ஐந்து நாள் ஒரு வேலை இடத்துக்குப் போய்ப் பார்த்து வருவது கட்டாயம். ரீயூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம், ஆகவே இங்கேயும் அதே சட்டம். பார்ப்பதுதான் சட்டம், உழைப்பது அல்ல. சம்பளம் கிடையாது. மெஷின் பக்கம் கை வைக்கக் கூடாது. பதினைந்து வயது ஆகாத பிள்ளை வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, ஆனவர்களுக்கு 35. காலை ஆறு மணிக்கு முன்னும் இரவு எட்டு மணிக்குப் பின்னும் கூடாது. நாலரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தால் நடுவில் அரை மணி நேரம் ஓய்வு உண்டு.

சரி, அந்தப் பதினோரு மெயிலுக்கு வருகிறேன். உங்கள் மகள் அழகாகத்தான் எழுதியிருக்கிறாள், தப்பு அவள் பிரெஞ்சில் இல்லை. ஆனால் "நான் ஆர்வமும் பொறுப்பும் உள்ள மாணவி" என்று தொடங்கி ஏழு வரி தன்னைப் பற்றியே போகிறது. எந்தத் தேதி என்பது கடைசி வரியில் வருகிறது. பார்க்க மட்டுமே வருகிறேன், ஐந்து நாள்தான் என்பது எங்கேயும் இல்லை. போன் நம்பரும் இல்லை. பதினோரு பேருக்கும் ஒரே மெயில். வேலை மும்முரத்தில் இருக்கிற ஒருவர் இதைத் திறந்தால், "வேலை கேட்கிற பிள்ளை போலிருக்கிறது" என்று மூடிவிடுவார். தேதி, வகுப்பு, ஐந்து நாள், பார்ப்பதற்கு மட்டும், சம்பளம் வேண்டாம். இவை முதல் இரண்டு வரிக்குள் வந்துவிட வேண்டும். அப்புறம் ஏன் அந்த இடம் என்று ஒரே ஒரு வரி, அதுவும் உண்மையான காரணமாக இருக்கட்டும். அவளுக்கு அந்த வரி கைவசம் இருக்கிறது: "என் பாட்டிக்கு நீங்கள் கொடுக்கும் இன்சுலின் போடுவதைத் தினமும் பார்க்கிறேன்." இந்த வரியைப் படித்துவிட்டு ஒரு ஃபார்மசிக்காரர் பதில் சொல்லாமல் இருப்பது கஷ்டம்.

அதையும் மெயிலில் அனுப்ப வேண்டாம். ஒரு தாளில் அச்சடித்துக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் போகட்டும். நம் ஊரில் கடைக்குள் போனதும் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவோம். இங்கே "போன்ஜூர்" சொல்லாமல் வாய் திறந்தால் பேச்சு அங்கேயே கெட்டுவிடும். இது உங்களுக்கும் தெரிந்திருக்கும். மதிய மூடலுக்குச் சற்று முன்னும் சாயங்காலம் வேலை விடும் நேரத்திலும் ஃபார்மசியில் வரிசை நிற்கும். மதியம் திறந்த கையோடு போனால் நின்று பேச ஆள் இருப்பார்கள். உள்ளே போய் போன்ஜூர் சொல்லி, தன் பெயர், படிக்கும் கொலேஜ், தேதி, தாள். ஒரு நிமிஷம்கூட ஆகாது. முதல் நாள் சாயங்காலம் வீட்டில் உங்களையே ஃபார்மசிக்காரராக நிற்க வைத்து நாலு தடவை சொல்லிப் பார்க்கட்டும். உங்களுக்குப் புரிகிற அளவுக்கு நிதானமாகச் சொன்னாள் என்றால் அவர்களுக்கும் புரியும்.

ஆஸ்பத்திரியைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். சேன்-பெனுவாவில் உள்ள கிழக்கு ஆஸ்பத்திரியோ, சேன்-தெனியில் பெல்பியேரில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியோ பதினான்கு வயதுப் பிள்ளையை வார்டுக்குள் விடுவது அபூர்வம். நோயாளியின் அந்தரங்கம் ஒரு காரணம். நர்ஸிங் மாணவர்களும் மருத்துவ மாணவர்களும் ஏற்கெனவே வார்டில் நிறைந்திருப்பது இன்னொன்று. அப்படியே இடம் கிடைத்தாலும் பெரும்பாலும் ஆபீசிலோ வரவேற்பிலோதான் உட்கார வைப்பார்கள். மகள் மனதில் இருக்கும் ஆஸ்பத்திரி அது இல்லை. அவளுக்கு வேண்டியது நோயாளியும், அவரைக் கவனிக்கிறவரும், அவர்கள் இருவருக்கும் நடுவில் நடப்பதும். அது பக்கத்துத் தெரு ஃபார்மசியில் கண்ணெதிரே நடக்கிறது. லேபில், பல் டாக்டரிடம், உடற்பயிற்சி சிகிச்சை தருகிறவரிடம், கண்ணாடிக் கடையில், முதியோர் இல்லத்தில் எல்லாம் நடக்கிறது.

ஃபார்மசியை ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால், ஒரு பையனின் ராப்போர் இன்னும் என் நினைவில் இருக்கிறது. ராப்போர் என்பது ஸ்தாஜ் முடிந்து எழுதித் தர வேண்டிய அறிக்கை. அவனுக்கு ஃபார்மசியில் ஆசையே இல்லை. வேறு இடம் கிடைக்காமல் போனவன். முதல் நாள் அலுப்பு, இரண்டாம் நாள் அலுப்பு. மூன்றாம் நாள் பின்னறையில் இருந்த குளிர்பெட்டியைப் பார்த்திருக்கிறான். கதவில் ஒரு தாள், அதில் காலையும் மாலையும் யாரோ ஒரு எண்ணைக் குறித்து வைத்திருக்கிறார்கள். என்னவென்று கேட்டான். இன்சுலினும் தடுப்பூசியும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும், உறைந்தாலும் கெட்டுவிடும், அதனால் தினமும் பார்த்துக் குறிக்கிறோம் என்றார்கள். "கரன்ட் போனால்?" என்று அடுத்த கேள்வி. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்து தீவில் எத்தனையோ வீடுகள் இருட்டில் கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த இரவில் இந்தப் பெட்டியை எப்படிக் காப்பாற்றினோம் என்று அந்த ஃபார்மசிக்கார அம்மா உட்கார்ந்து அவனுக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறார். ஜெனரேட்டர், கதவைத் திறக்காமல் வைத்திருந்தது, எந்த நோயாளி வீட்டில் மருந்து எவ்வளவு மீதி இருக்கும் என்று கணக்குப் போட்டது. அந்தப் பையன் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். ஃபார்மசி எப்போது தொடங்கியது, எத்தனை ஊழியர்கள் என்று இணையத்தில் பார்த்து எழுதிய பகுதி எதுவும் என் மனதில் நிற்கவில்லை. இது நிற்கிறது.

உங்கள் மகளுக்கு இதைவிட நல்ல இழை கையில் இருக்கிறது. பாட்டியின் இன்சுலின் எங்கிருந்து ஃபார்மசிக்கு வருகிறது, ஒரு நாளைக்கு எத்தனை முறை மருந்து வண்டி வருகிறது, மருத்துவக் காப்பீட்டுக்கான பச்சை நிற வித்தால் கார்டைச் செருகினால் என்ன நடக்கிறது, பாட்டி ஏன் காசு கொடுப்பதில்லை, அந்தக் காசை யார் கொடுக்கிறார்கள், டாக்டர் சீட்டில் தப்பு இருந்தால் ஃபார்மசிக்காரர் என்ன செய்வார்? ஐந்து நாளும் இந்த ஒரு இழையைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். தினமும் மூன்று கேள்வி நோட்டில் எழுதிக்கொண்டு போகட்டும். யாருக்கு என்ன வியாதி, யார் என்ன மருந்து வாங்கினார் என்பதை மட்டும் நோட்டிலும் எழுதக் கூடாது, வீட்டிலும் சொல்லக் கூடாது. பக்கத்து வீட்டு அக்கா வந்து போனாலும் சரி. நர்ஸ் வேலையின் முதல் பாடம் அது.

இப்போது உங்கள் வீட்டுக்காரர் பேச்சு. அவர் கவலை நியாயமானது. முன்பின் தெரியாத இடத்தில் பெண் பிள்ளை என்றால் எந்தத் தகப்பனுக்கும் மனம் அடித்துக்கொள்ளும். அவரிடம் இதைச் சொல்லுங்கள். ஸ்தாஜுக்கு முன் கோன்வான்சியோன் என்ற ஒப்பந்தத் தாள் ஒன்று உண்டு. அதில் கொலேஜ் தலைவர், வேலை இடத்தவர், பெற்றோர், பிள்ளை எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே பிள்ளைக்குப் பொறுப்பான பெரியவர் யார் என்று பெயர் போட்டு எழுதியிருக்கும். எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போவாள் என்பதும், இன்சூரன்ஸ் விவரமும் அதிலேயே இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அவரே நேரில் போய் அந்த இடத்தைப் பார்த்து, அந்தப் பெரியவரிடம் கை கொடுத்துவிட்டு வரலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், நல்ல இடமாக இருந்தால் சந்தோஷப்படுவார்கள். நடுவில் ஏதாவது பிடிக்காதது நடந்தால் உடனே கொலேஜுக்குப் போன் போடலாம், ஸ்தாஜை அன்றைக்கே நிறுத்தலாம். மகளிடமும் இதை வாய்விட்டுச் சொல்லி வையுங்கள். "ஐந்து நாள் பொறுத்துக்கொள்" என்பது இதற்குப் பொருந்தாது.

அந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பிரெஞ்சு புரியவில்லை என்றால் மகளை விட்டு வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். 1860 இல் பிரான்சும் பிரிட்டனும் செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரிலும் நம் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்கும் கோன்வான்சியோன் என்றுதான் பெயர். ஐந்து வருஷ ஒப்பந்தம், தாங்கள் படிக்க முடியாத மொழியில். ஒவ்வொரு வருஷமும் பெற்றோர் கூட்டத்தில் இந்தச் சொல்லை உச்சரிக்கும்போது அவர்கள் நினைவு எனக்கு வரும். உங்கள் மகளுக்குப் படிக்கத் தெரியும். உட்கார்ந்து படிக்கட்டும்.

பெரியப்பா கடையை நான் ஒதுக்கவில்லை. ஆனால் அங்கே அவள் "பாப்பா". வந்தால் நாற்காலி போடுவார்கள், குளிர்பானம் வாங்கித் தருவார்கள், கல்லாப் பக்கம் உட்கார வைத்து வீட்டுக் கதை பேசுவார்கள். அன்பு குறைந்து அல்ல, அன்பு கூடி. அதனால் முதலில் இரண்டு வாரம் வெளியே தேடட்டும், கடை கடைசியில் இருக்கட்டும். அங்கேதான் போக நேர்ந்தால், பெரியப்பாவிடம் நீங்கள் ஒரு வேண்டுகோள் வையுங்கள்: வீட்டுப் பிள்ளையாக இல்லாமல் ஸ்தாஜ் பிள்ளையாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு தண்ணீர் மோட்டாரை எடுத்துக்கொண்டு அது எங்கே செய்தது, எந்தக் கப்பலில் லெ போர் துறைமுகத்துக்கு வந்தது, கன்டெய்னர் திறக்க எத்தனை நாள் ஆனது, ஒக்துருவா தெ மெர் என்கிற இறக்குமதி வரி எவ்வளவு போட்டார்கள், கடைசியில் அலமாரியில் ஒட்டிய விலை எப்படி வந்தது என்று காகிதம் காகிதமாகக் காட்டச் சொல்லுங்கள். இந்தத் தீவில் சாமான் ஏன் இந்த விலை விற்கிறது என்பதை அந்தப் பதினான்கு வயதுப் பெண் புரிந்துகொண்டால், வகுப்பில் யாருக்கும் அவள் இளைத்தவள் இல்லை.

வேலை வாங்கிவிடுவார்களோ என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். இருப்பது நல்லது. சில வருஷத்துக்கு முன் ஒரு கடையில் என் மாணவனை ஐந்து நாளும் பெட்டி இறக்க வைத்தார்கள். அவன் யாரிடமும் சொல்லவில்லை. ராப்போரில் எழுத ஒன்றும் இல்லாமல் வெறும் தாளோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஸ்தாஜ் நடக்கிற வாரத்தின் செவ்வாய்க்கிழமை நான் ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். அது என் தவறும்தான். இப்போதெல்லாம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிள்ளையிடம் "இன்றைக்கு என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லி வைக்கிறேன். "என்ன செய்தாய்?" என்று கேட்டால் பிள்ளை "சும்மா" என்று சொல்லிவிடும். என்ன பார்த்தாய் என்று கேட்டால் இரண்டு விஷயமாவது வர வேண்டும். வரவில்லை என்றால் புதன்கிழமை காலையில் வகுப்பாசிரியருக்குப் போன் போடுங்கள். தான் குடித்த டம்ளரைக் கழுவுவதும், ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பதும் மரியாதை. ஐந்து நாளும் அதுவே என்றால் அது ஸ்தாஜ் இல்லை.

நர்ஸ் படிப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் வீட்டில் பேச்சு வரும். இந்த ஐந்து நாள் எந்த வாசலையும் மூடிவிடாது. மேல்நிலைப் பள்ளியான லிசேயில் முதல் வருஷம், அதாவது ஸெகோந்தில், ஜூன் மாதம் இரண்டு வார ஸ்தாஜ் இருக்கிறது. பொதுப் பிரிவிலும் தொழில்நுட்பப் பிரிவிலும் படிக்கிறவர்களுக்கு 2024 இல் தொடங்கினார்கள். அப்போது ஒரு வயது கூடியிருக்கும், ஆஸ்பத்திரிக்கு அப்போது கேட்டுப் பார்க்கலாம். நர்ஸ் பள்ளிக்கு முன்பு தனி நுழைவுத் தேர்வு இருந்தது. 2019 முதல் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் இணையதளமான பார்கூர்சுப் வழியாக மதிப்பெண்ணும் விண்ணப்பமும் பார்த்தே எடுக்கிறார்கள். மூன்று வருஷப் படிப்பு, சேன்-தெனியிலும் சேன்-பியேரிலும் இருக்கிறது. லிசேயில் பொதுப் பிரிவு படித்தும் போகலாம், தொழில் பிரிவு படித்தும் போகலாம். தொழில் பிரிவில் மூன்று வருஷத்தில் பல வாரம் வேலை இடத்தில் கழிக்க வேண்டியிருக்கும். எது அவளுக்குச் சரி என்பதைப் பேச இந்த ஸ்தாஜ் முடிந்த பிறகு நல்ல நேரம், கையில் பார்த்த அனுபவம் இருக்கும். கொலேஜ் முடிவில் வரும் ப்ரெவே தேர்வின் வாய்மொழிப் பகுதியிலும் ஐந்து நிமிஷம் பேசிப் பத்து நிமிஷம் பதில் சொல்ல வேண்டும். அங்கே இதையே தலைப்பாக எடுக்கலாம்.

நவம்பர் நடுவில்கூட இடம் கிடைக்கவில்லை என்றால் மறைக்காதீர்கள். பிள்ளைகள் வெட்கப்பட்டுக்கொண்டு "கிடைத்துவிட்டது" என்று சொல்லிவிடுவது உண்டு. வகுப்பாசிரியரிடம் உடனே சொன்னால் கொலேஜிடம் பழகிய இடங்களின் பட்டியல் இருக்கும். மெரி என்கிற நகராட்சி அலுவலகம், நூலகம், குழந்தைகள் காப்பகம் என்று ஏதாவது ஒன்று அமையும்.

முதலில் பிள்ளையைச் சாப்பிட வையுங்கள். பதினோரு பேர் பதில் போடாதது அவளுடைய குறை அல்ல என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அந்த வயதில் பதில் வராத மெயில் ஒவ்வொன்றும் தனக்கு விழுந்த அடி மாதிரி இருக்கும்.

நாளைக் காலையில் அவளைக் கால் மணி நேரம் முன்னதாக எழுப்பித் தயாராக நிற்கச் சொல்லுங்கள். நர்ஸ் பாட்டிக்கு ஊசி போட்டு முடித்ததும் அவளே பேசட்டும். நீங்கள் அடுப்படியில் இருங்கள், கூட நிற்க வேண்டாம். அவர் எந்த இடத்தின் பெயரைச் சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அது எனக்குத் தெரிந்த இடமாக இருந்தால், அங்கே யாரைக் கேட்க வேண்டும் என்பதை நான் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வழிகாட்டி